தொழில் தெரிவும் கற்றல் ஊக்கமும்: பினாங்குத் தமிழ் மாணவர் நிலை குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

உயர்கல்வி பெறும் மாணவர் எத்துறையைப் பயில்கிறார் என்பதும், அதனை எத்துணை ஈடுபாட்டுடன் பயில்கிறார் என்பதும் தனித்தனி வினாக்கள்போல் தோன்றினும், அவை ஒன்றையொன்று சார்ந்தவை. முதலாண்டில் ஆர்வத்துடன் நுழைந்த மாணவர் இரண்டாம் ஆண்டில் சோர்ந்துபோவதைக் காணும்போது, அவருடைய உழைப்பின்மையையே நாம் முதலில் குறை கூறுகிறோம். அத்துறை அவரிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை அரிதாகவே வினவுகிறோம். பினாங்குச் சூழலை முன்வைத்து அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாறிய பொருளியலும் மாறாத பட்டியலும்

1786ஆம் ஆண்டு முதல் தீர்வையில்லாத் துறைமுகமாக வளர்ந்த பினாங்கில், தமிழர் துறைமுகத்திலும் தோட்டங்களிலும் நகராண்மைப் பணிகளிலும் சிறுவணிகத்திலும் உழைத்தனர். ஆங்கிலக் கல்வி பெற்றோர் எழுத்தராகவும் ஆசிரியராகவும் உயர்ந்தனர். உடலுழைப்பிலிருந்து விடுபடுவதற்குக் கல்வியே வழி என்று உணர்ந்த பெற்றோருக்கு மருத்துவமும் சட்டமும் பொறியியலும் மதிப்பும் பாதுகாப்பும் ஒருங்கே தரும் தொழில்களாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1969இல் ஜார்ஜ் டவுன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. அதே ஆண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இத்தீவில் தோன்றியது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலம் உருவாகி, இண்டெல் முதலிய மின்னணு நிறுவனங்கள் அங்குக் கால்கொண்டன. அத்தொழிற்சாலைகளுக்குத் தேவையான பயிற்சியை வழங்கப் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் 1989இல் நிறுவப்பட்டது. இவ்வாறு மாநிலத்தின் பொருளியல் அடியோடு மாறியது. எனினும், பல குடும்பங்களின் தொழிற்பட்டியல் மாறவில்லை. வீட்டிற்கு அருகிலேயே இயங்கும் தொழிற்சாலையில் கருவிப் பராமரிப்பு, தரக்கட்டுப்பாடு, சில்லு வடிவமைப்பு எனப் பல நிலைப் பணிகள் உள்ளதை அறியாமலே மாணவர் பள்ளிக் கல்வியை முடித்துவிடுகின்றனர்.

விரும்பிய துறையும் கிடைத்த துறையும்

குடும்பத்தின் விருப்பம் ஒருபுறமிருக்க, சேர்க்கை முறையும் மாணவரின் தெரிவைத் தீர்மானிக்கிறது. யு.பி.யு. எனப்படும் மைய விண்ணப்ப முறையில் மாணவர் பல துறைகளை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்துகின்றனர். தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு அடைவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் உரியது. போட்டி மிகுந்த துறைகளில் இடம் கிட்டாதபோது, வரிசையின் கீழ்ப்பகுதியில் இடம் நிரப்புவதற்காக எழுதப்பட்ட ஒரு துறையே மாணவரின் மூன்று அல்லது நான்கு ஆண்டுப் படிப்பாகிவிடுகிறது. ஆகவே, பெற்றோர் விரும்பியது, தாம் விரும்பியது, கிடைத்தது என்னும் மூன்றுக்கும் இடையில் மாணவர் நிற்கிறார்.

ஊக்கம் பிறக்கும் வழி

தாமே விரும்பித் தெரிவு செய்யாத துறையில் ஊக்கம் பிறத்தல் இயலுமா? உளவியலாளர் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோர் 1985இல் விரிவாக வெளியிட்ட தன்னிர்ணயக் கோட்பாடு இயலும் என்கிறது. டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விடுவித்தமைக்குப் பணம் பெற்ற கல்லூரி மாணவர், அப்பணம் நின்றபின் ஓய்வு நேரத்தில் அவற்றில் காட்டிய ஈடுபாடு குறைந்தது. வெளியிலிருந்து வரும் தூண்டுதல் மட்டும் ஊக்கத்தை நிலைநிறுத்தாது என்பது இதனால் புலப்படும்.

அக்கோட்பாடு புற ஊக்கத்தையும் ஒரே தன்மையதாகக் கொள்வதில்லை. தண்டனைக்கும் பரிசுக்குமாகப் படித்தல், குற்றவுணர்வாலும் மானத்தாலும் படித்தல், அப்படிப்பின் பயனைத் தாமே உணர்ந்து ஏற்றுப் படித்தல் எனப் படிகள் உள. ‘அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்’ என்று படிப்பவர் இரண்டாம் படியில் இருக்கிறார். மூன்றாம் படியை அடைவதற்குத் தன்னுரிமை, திறமையுணர்வு, பிறரோடுள்ள பிணைப்பு ஆகிய மூன்றும் துணைபுரிகின்றன. எனவே, துறையை யார் தெரிவு செய்தார் என்பதைவிட, அதற்கான காரணத்தை மாணவர் தமதாக்கிக் கொண்டாரா என்பதே முதன்மையானது. பெற்றோர் காட்டிய துறையையும் ஒருவர் தமதாக்கிக் கொள்ளலாம். தாமே தெரிவு செய்த துறையிலும் காரணமின்றித் தத்தளிக்கலாம்.

ஆசிரியர் ஆற்றத்தக்க பணி

இக்கருத்து நமக்குச் சில கடமைகளை உணர்த்துகிறது. முதலாவது, உரிய காலம். நான்காம் படிவத்தில் அறிவியல், கலை என்னும் பிரிவுமுறை 2020இல் நீக்கப்பட்டதனால், பாடத்தெரிவின் பொறுப்பு மாணவரிடமே மிகுந்துள்ளது. கூடுதல் கணிதத்தைக் கைவிடும் மாணவர், பொறியியல் வாயில்கள் பலவற்றை அறியாமலே அடைத்துக் கொள்ளக்கூடும். எனவே, மூன்றாம் படிவத்திலேயே வழிகாட்டல் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, விண்ணப்ப வரிசையில் இடம்பெறும் ஒவ்வொரு துறைக்கும் எதிரே, அதனைச் சேர்த்ததற்கான காரணத்தை மாணவர் ஓரிரு தொடர்களில் எழுதுமாறு செய்யலாம். காரணம் எழுத இயலாத துறை அவ்வரிசையில் இடம்பெறத் தக்கதன்று. இதனைத் தமிழ் வகுப்பின் கட்டுரைப் பயிற்சியாகவே அமைக்கலாம்.

மூன்றாவது, பெற்றோருடன் உரையாடுதல். அவர்தம் அச்சத்தை மறுக்காமல் செவிமடுத்து, மாறிய தொழில்களை அவர்தம் மொழியிலேயே விளக்கும் தகுதி தமிழாசிரியருக்கு உண்டு.

முடிவுரை

மதிப்பெண்ணும் சேர்க்கை முறையும் நம் கையில் இல்லை. ஆயினும், கிடைத்த துறையில் மாணவர் காரணத்தோடு நிற்கிறாரா, கடமைக்காக நிற்கிறாரா என்பதில் நமக்கும் பங்குண்டு. முன்னாள் மாணவர் ஒருவர் சோர்வுற்று நம்மைக் காண வரின், ‘ஏன் படிக்கவில்லை’ என்று கேட்பதற்கு முன், ‘இதனை எதற்காகப் படிக்கிறாய்’ என்று கேட்போமாக.