‘கைக்கு 30 வந்தால் போதும்’ என்று சொல்லும் முன்

வெளிநாட்டில் இருந்தபடி ஊர்ச் சொத்தை விற்க நினைக்கும் கூத்தாநல்லூர், லெட்சுமாங்குடி வாசகர்களின் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பவருக்கு மூன்று மாதக் கெடு முடியப்போகிறது. அதற்குள் வீட்டை விற்றாக வேண்டும் என்கிறார் புரோக்கர். உண்மையா?”

உண்மை இல்லை. இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-வது பிரிவு சொல்லும் மூன்று மாதம், வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இங்கே வந்து சேர்ந்த பிறகு அதற்கு முத்திரைத்தீர்வை கட்டுவதற்கான அவகாசம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த வேலையை முடித்துவிட்டால், விற்பனையை நிதானமாகவே செய்யலாம். கெடுவைக் காட்டி ஏன் அவசரப்படுத்துகிறார்கள் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். இப்படி எழுதியவர்களில் சிலருடைய விஷயத்தில், அதே அவசரத்தில் இன்னொரு காகிதமும் கையெழுத்தாகியிருக்கிறது: புரோக்கர் பெயரிலேயே ஒரு விற்பனை அக்ரிமென்ட். உள்ளூரில் பவர் வைத்திருக்கும் தம்பியோ மச்சானோ போட்ட கையெழுத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் குழி மனையில் ஒரு பழைய வீடு. நம் பக்கத்துக் கணக்கில் 1,440 சதுர அடி. கோலாலம்பூரிலிருந்து உரிமையாளர் போனில் சொல்கிறார்: “கைக்கு 30 லட்சம் வந்தால் போதும்.” புரோக்கர் ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துத் தன் பெயரில் மூன்று மாத அக்ரிமென்ட் எழுதுகிறார். அதில் ஒரு வரி இருக்கும்: “எழுதி வாங்குபவருக்கோ அல்லது அவர் சுட்டிக்காட்டும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்க வேண்டியது.” இந்த வரியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அவர் பார்ட்டி பிடித்து 38 லட்சத்துக்குப் பேசி முடிக்கிறார். கிரயப் பத்திரம் உரிமையாளரிடமிருந்து நேரே வாங்குபவருக்குப் பதிவாகிறது. புரோக்கர் பெயர் பத்திரத்திலும் வராது, வில்லங்கச் சான்றிலும் வராது. நடுவில் நின்ற 8 லட்சம் ரொக்கமாகவே கைமாறி முடிந்துவிடும். அதற்கு மேல் இரண்டு பக்கமும் கமிஷன் வேறு.

உரிமையாளர் அவரைத் தன் ஆள் என்று நினைத்தார். வாங்கியவரும் அப்படியே நினைத்தார். அக்ரிமென்டில் தன் பெயரை எழுதிய நொடியிலேயே அவர் இருவருக்கும் எதிர்த்தரப்பு ஆகிவிட்டார். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. அது ஊரறிந்த வழக்கம், இருவரும் தெரிந்தே கொடுக்கிறார்கள். மறைத்து மேலே வைத்து விற்பது வேறு ரகம். வாங்கியவருக்கும் இதில் நஷ்டம் உண்டு. பின்னாளில் பட்டாவிலோ வாரிசு உரிமையிலோ சிக்கல் வந்து பணத்தைத் திரும்பக் கேட்டால், அவர் கையில் இருக்கும் ஆதாரம் பத்திரத்தில் எழுதிய தொகைக்கு மட்டும்தான்.

“பதிவு பெற்ற தரகரிடமே போங்கள்” என்கிறது அரசு விளம்பரம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது என்பதும் சரிதான். ஆனால் அந்தச் சட்டம் ‘தரகர்’ என்று சொல்வது, ஒரு மனைத் திட்டத்திலோ அடுக்குமாடித் திட்டத்திலோ உள்ள சொத்தை விற்றுக் கொடுப்பவரை. அந்தத் திட்டமும் 500 சதுர மீட்டருக்கோ எட்டு வீடுகளுக்கோ மேற்பட்டதாக இருந்தால்தான் பதிவுக்கு வரும். தாத்தா கட்டிய வீடு, கொல்லை, மூன்று மா நஞ்சை இவையெல்லாம் அந்த வலைக்கு வெளியே. கூத்தாநல்லூர் போன்ற ஊரில் கைமாறும் சொத்தில் பெரும்பகுதி இந்த வகைதான் என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

காப்பாற்றக்கூடிய சட்டம் வேறு இடத்தில், 1872 முதலே இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216-ஆம் பிரிவுகள். சட்டமே உதாரணமும் தருகிறது: எனக்காக ஒரு வீட்டை வாங்கச் சொல்லி ஒருவரை அனுப்புகிறேன், அது கிடைக்காது என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரே வாங்கிக்கொள்கிறார், தெரியவந்ததும், அவர் கொடுத்த அதே விலைக்கு எனக்கு விற்கும்படி நான் கட்டாயப்படுத்தலாம். விற்பவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. அவருக்குத் தெரியாமல் தரகர் தனக்காக வியாபாரம் செய்து சம்பாதித்ததை அவர் உரிமையோடு கேட்கலாம். ‘தெரியாமல்’ என்பதுதான் நிபந்தனை. “மேலே கிடைப்பதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று வாய்தவறிச் சொல்லியிருந்தால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். ஆகவே “கைக்கு இவ்வளவு” என்று பேசாதீர்கள். விலை இவ்வளவு, கமிஷன் இத்தனை சதவீதம், அக்ரிமென்ட் வாங்குபவர் பெயரில் மட்டும் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வையுங்கள். வாங்குபவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் உரிமையாளரிடம் நேரில் அல்லது வீடியோவில் விலையைக் கேளுங்கள்; தரகர் அதைத் தடுத்தால் காரணம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

அமெரிக்காவில் ரியல்டர்கள் சங்கம் 41.8 கோடி டாலர் கொடுத்துத் தரகர் கமிஷன் தொடர்பான வழக்கைச் சமரசம் செய்த பிறகு, 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவருக்கு வீட்டைக் காட்டும் முன்பே தரகர் தன் கூலியை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இங்கே அப்படி ஒரு விதி வந்தால் பாதிச் சண்டை குறையும்.

மற்ற கேள்விகள்:

பவரைப் புரோக்கருக்கே கொடுக்கலாமா? வேண்டாம், குடும்பத்தார் அல்லாதவருக்குக் கொடுத்தால் 2023 ஜூலை 10 முதல் பதிவுக் கட்டணமே சொத்து மதிப்பில் 1 சதவீதம்.

பவரை வைத்தே சொத்தை வாங்கிவிடலாமா? முடியாது, பவர் பத்திரம் உரிமையை மாற்றாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால்? பொதுவாகப் பவரும் முடிந்தது. அதனால்தான் கிரயத்தின்போது அவர் உயிரோடிருப்பதற்கான சான்று கேட்கிறார்கள்.

விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் 1 சதவீத வரிப் பிடித்தம் போதுமா? போதாது, 50 லட்சத்துக்குக் கீழ் என்ற விலக்கும் கிடையாது. பிடிக்கத் தவறினால் வருமானவரித் துறை வாங்கியவரிடம்தான் கேட்கும்.