கொண்டு செல்லலும் கொண்டு சேர்த்தலும்: அலாஸ்கா வேட்டை விதிகளின் தமிழாக்கத்தில் எழும் சில சொற்பொருட் சிக்கல்கள்

சட்டப் பனுவல்களை மொழிபெயர்ப்பவருக்கு இடர் தருவன கலைச்சொற்களே என்னும் கருத்துப் பரவலாக நிலவுகிறது. கலைச்சொல் என்று தோன்றாத அன்றாடச் சொற்கள் தரும் இடர் அதனினும் பெரிதாகும். கலைச்சொல்லைக் கண்டதும் மொழிபெயர்ப்பாளர் நின்று அகராதியைப் புரட்டுகிறார். இறைச்சி, கொம்பு, எடு, செல், முன், பின் ஆகியவற்றைக் கண்டு அவர் நிற்பதில்லை. பிழை நுழைவது அவ்விடத்தில்தான். இதனை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் அலாஸ்கா மாநிலத்தில், தொலைவிடத்தில் வேட்டையாடிய பெருவிலங்கின் இறைச்சியையும் கொம்பையும் வீட்டிற்குக் கொண்டு வருவது பற்றிய விதிகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பொருளும் சூழலும் தமிழ் வாசகரின் பட்டறிவுக்கு வெளியே உள்ளமையால், அவ்வாசகர் முழுவதும் சொல்லையே நம்பியிருக்க நேரிடும். சொல் பிறழ்ந்தால் அதனைத் திருத்திப் படிக்க உலகறிவு துணை வாராது.

முதற்கண் களநிலையை அறிதல் வேண்டும். மூஸ் என்பது மானினத்துள் மிகப் பெரியது. அலாஸ்கா மாநில வனவிலங்குத் துறை தரும் கணக்கின்படி, 1,600 பவுண்டு எடையுள்ள ஆண் மூஸ் ஒன்றைத் தோலுரித்துக் குடல் நீக்கினால் ஏறத்தாழ 950 பவுண்டு எஞ்சும். அதில் இறைச்சி மட்டும் சுமார் 500 பவுண்டு, அதாவது 225 கிலோ அளவில் இருக்கும். விலங்கு வீழ்ந்த இடத்திற்குப் பெரும்பாலும் சாலை இல்லை. இறைச்சியைத் துண்டங்களாக்கி, காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு, முதுகில் சுமந்து ஆற்றங்கரைக்கோ சிறு விமானம் இறங்கும் மணல்திட்டுக்கோ கொண்டு சேர்க்க வேண்டும். நெகிழிப் பையில் இட்டால் வெப்பமும் ஈரமும் அடைபட்டு இறைச்சி கெடும். பைப்பர் சூப்பர் கப் போன்ற விமானத்தில் விமானி நீங்கலாக ஒருவரே அமர இயலும் என்பதால், ஒரு மூஸின் இறைச்சி பலமுறை பறந்தே வெளியேறும். இத்தனை உழைப்பையும் தவிர்த்து, சுவரில் மாட்டுதற்குரிய கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு இறைச்சியை அழுகவிடும் வேட்டையாளர் உண்டு. விதிகள் அவரை நோக்கியே எழுதப்பட்டவை. உண்ணத்தக்க இறைச்சியை விட்டுச் செல்வது அலாஸ்காவில் சிறைத்தண்டனைக்கும் இடமளிக்கும் குற்றம்.

‘முன்னர்க் கூடாது’ என்பதும் ‘பின்னரே வேண்டும்’ என்பதும்

எடுத்துச் செல்லப்பட வேண்டிய இறைச்சி முழுவதும் களத்தின் புறப்பாட்டிடத்தை அடையும் முன்னர்க் கொம்பை அவ்விடத்திற்குக் கொண்டு செல்லலாகாது என்பது விதியின் சாரம். இறைச்சியின் கடைசிச் சுமையுடன் கொம்பையும் சேர்த்துக் கொண்டு செல்ல அவ்விதியே இடமளிக்கிறது.

இதனைத் தமிழாக்க முற்படுவோர், எதிர்மறைத் தொடரை உடன்பாடாக மாற்றும் பழக்கத்தால், ‘இறைச்சி முழுவதையும் கொண்டு சென்ற பின்னரே கொம்பைக் கொண்டு செல்ல வேண்டும்’ என எழுதிவிடக்கூடும். தொடர் தெளிவாகவும் சரளமாகவும் உள்ளது. பொருளோ மாறிவிட்டது. இரு நிகழ்வுகளுக்கிடையே கால உறவு முன், உடன், பின் என மூவகைப்படும். மூலம் அவற்றுள் முன் என்பதை மட்டும் விலக்குகிறது. தமிழ்த் தொடரின் பிரிநிலை ஏகாரம் பின் என்பதை மட்டும் பிரித்து நிறுத்தி, உடன் என்பதையும் விலக்கிவிடுகிறது. ஓர் எழுத்தான ஏகாரத்தால், கொம்புக்கென்றே மற்றொரு விமானப் பயணத்தை வேட்டையாளர் மேற்கொள்ள நேரிடும்.

‘இறைச்சியை முந்திக் கொம்பு செல்லலாகாது’ என்னும் தொடர் இவ்விடத்தில் பொருந்தும். முந்துதல் என்னும் வினை உடன் செல்வதை விலக்குவதில்லை. வழக்கிலுள்ள எளிய வினையைச் சட்டநடைக்கு ஒவ்வாதது என்று ஒதுக்குவதாலேயே இத்தகைய தீர்வுகள் கைக்கு எட்டாமற் போகின்றன.

திசை காட்டும் வினைகள்

‘டிரான்ஸ்போர்ட்’ என்னும் ஆங்கில வினைக்குத் திசையில்லை. பேசுவோன் எங்கு நிற்கிறான் என்பதை அது பொருட்படுத்துவதில்லை. தமிழ் வினைகளின் இயல்பு வேறு. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கனுள் வரவும் தரவும் தன்மை முன்னிலைகளுக்கும், ஏனைய இரண்டும் படர்க்கைக்கும் உரியன எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்துள்ளது. இன்றைய வழக்கு அதனின்று நெகிழ்ந்திருப்பினும், கொண்டு வா, கொண்டு செல் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய கட்டாயம் நீங்கவில்லை. வேட்டையாளரின் தன்வரலாற்றை மொழிபெயர்ப்பவர் ‘வீட்டிற்குக் கொண்டு வந்தான்’ என இயல்பாக எழுதலாம். சட்டத்திற்குப் பேசுவோன் என ஒருவன் இல்லை. ஆகவே ‘கொண்டு செல்லுதல்’ என்பதே சட்டத் தமிழில் கையாளப்படுகிறது.

பெரும்பாலான இடங்களில் அது போதுமானதே. ஆயின், மேற்குறித்த விதிகளின் நடுநாயகமாக விளங்கும் ‘சால்வேஜ்’ என்னும் சொல்லுக்கு அது போதாது. உண்ணத்தக்க இறைச்சி வீணாகாதவாறு, அது மனிதரால் உண்ணப்படும் இடத்திற்கோ மனித உணவாகப் பதப்படுத்தப்படும் இடத்திற்கோ கொண்டு செல்லுதல் என அலாஸ்கா விதித்தொகுப்பு அச்சொல்லுக்கு வரையறை தருகிறது. இதனை ‘மீட்டல்’ எனப் பெயர்த்தால் அடகு வைத்த நகையின் நினைவே எழும். ‘அகற்றுதல்’, ‘அப்புறப்படுத்துதல்’ என்பன விதியையே தலைகீழாக்கும். இறைச்சியை அகற்றுக என்ற ஆணையைத் தமிழ் வாசகர் கழிவை நீக்கும் ஆணையாகவே கொள்வார். ‘எடுத்துச் செல்லுதல்’ புறப்பாட்டை மட்டும் உணர்த்துகிறது. களத்தினின்றும் இறைச்சியை எடுத்துச் சென்று பாதிவழியில் ஆற்றோரம் போட்டுவிட்டவனும் எடுத்துச் சென்றவனே.

‘கொண்டு சேர்த்தல்’ என்னும் கூட்டுவினை இங்கு ஏற்புடையது. சேர் என்பதில் பேசுவோன் நிற்கும் இடம் பற்றிய குறிப்பு இல்லை. செயலின் இறுதி எல்லை அதன் பொருளிலேயே அடங்கியுள்ளது. சேராவிடின் சேர்த்தல் நிகழவில்லை. ‘வீணாகாது கொண்டு சேர்த்தல்’ எனின் வரையறையின் இரு கூறுகளும் அமையும்.

கொண்டு செல்லுதல் என்னும் வினையே தனிக் குற்றமாகத் தீர்ப்புக்கு வந்ததும் உண்டு. 1975இல் அலாஸ்காவின் மின்டோ என்னும் அதபாஸ்கப் பழங்குடிச் சிற்றூரில் ஓர் இறப்பு நேர்ந்தது. இறந்தவர் பொருட்டு ஊரார் கூடியுண்ணும் ஈமச்சடங்கிற்கு மூஸ் இறைச்சி இன்றியமையாதது. வேட்டைப் பருவம் முடிந்திருந்த நிலையில் பெண் மூஸ் ஒன்று கொல்லப்பட்டு ஊருக்குக் கொண்டு வரப்பட்டது. அதில் பங்குகொண்ட கார்லோஸ் ஃபிராங்க் என்பார்மீது சுமத்தப்பட்டது கொன்ற குற்றமன்று. சட்டத்திற்கு மாறாக வேட்டையாடப்பட்ட விலங்கைக் கொண்டு சென்ற குற்றம். சமயவுரிமையின்பாற்பட்ட செயல் எனக் கொண்டு அலாஸ்கா உச்ச நீதிமன்றம் 1979இல் அத்தண்டனையை நீக்கியது. இவ்வழக்கைத் தமிழில் எழுதுவோர் ‘டேக்’ என்னும் சொல்லையும் கவனித்தல் வேண்டும். வேட்டைச் சட்டத்தில் அது துரத்துதல், பிடித்தல், கொல்லுதல், அவற்றிற்கு முயலுதல் அனைத்தையும் குறிக்கும். அதற்கு ‘எடுத்தல்’ என்றும், அடுத்து வருவதற்கு ‘எடுத்துச் செல்லுதல்’ என்றும் எழுதின், வழக்கு வேறுபடுத்திக் காட்டும் இரு செயல்களும் ஒன்றாகிவிடும்.

இறைச்சியின் எல்லை

மூஸைப் பொறுத்தமட்டில் கழுத்து, நெஞ்சு, விலா, முதுகெலும்பை ஒட்டிய பகுதி, முழங்கால் மூட்டு வரையிலான முன்தொடைகள், பின்கால் மூட்டு வரையிலான பின்தொடைகள் ஆகியவற்றின் இறைச்சி கட்டாயம் கொண்டு சேர்க்கப்பட வேண்டும். தலையிறைச்சி, குடல் முதலிய உள்ளுறுப்புகள், எலும்பு, நரம்பு, குண்டுபட்டுச் சிதைந்த பகுதி ஆகியன ‘உண்ணத்தக்க இறைச்சி’ என்னும் வரையறைக்குள் அடங்கா. தலைக்கறியும் குடற்கறியும் விலைபோகும் தமிழ்நாட்டு வாசகர் இதனை எளிதில் ஊகிக்க மாட்டார். வரையறையை மொழிபெயர்ப்பாளர் விடாது தருதல் வேண்டும். உடலை நான்காகப் பகுத்த கூறு ஒவ்வொன்றையும் ‘கால்’ என்னும் சொல்லால் பெயர்ப்பது முதற்பார்வையில் நயமாகத் தோன்றும். நான்கிலொன்றும் கால், உறுப்பும் கால். ஆனால், சட்டம் விலக்கும் மூட்டுக்குக் கீழ்ப்பகுதியையே தமிழ்க்கால் முதலில் நினைவூட்டுகிறது. ‘முன்தொடை’, ‘பின்தொடை’ என்பனவே பாதுகாப்பானவை.

இந்தியச் சட்டத்தோடு ஒப்பிடும்போது இச்சிக்கலின் ஆழம் விளங்கும். வேட்டையைத் தடுக்கும் நோக்குடைய 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், இறைச்சி என்பதனுள் குருதி, எலும்பு, தசைநாண், முட்டை, ஓடு, கொழுப்பு, தோலுடனோ தோலின்றியோ உள்ள ஊன் ஆகியவற்றை, பச்சையாயினும் சமைத்ததாயினும், உள்ளடக்குகிறது. அலாஸ்கா விதி எலும்பை விலக்க, இந்தியச் சட்டம் எலும்பையும் இறைச்சியாக்குகிறது. காரணம் வெளிப்படை. ஒன்று வேட்டையாளன் சுமக்க வேண்டிய குறைந்த அளவை வரையறுப்பது. மற்றொன்று கடத்துவோன் தப்பக்கூடிய வழிகளை அடைப்பது. இரண்டையும் ‘இறைச்சி’ என ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டு ஒப்பீட்டுக் கட்டுரை எழுதுவோர் இல்லாத முரண்பாட்டைக் காணவும், உள்ள முரண்பாட்டைக் காணாது விடவும் கூடும்.

கொம்பு இருவகை

தமிழில் கொம்பு என்பது மானுக்கும் மாட்டுக்கும் பொது. ஆங்கிலத்தில் ‘ஆண்ட்லர்’ வேறு, ‘ஹார்ன்’ வேறு. மூஸ், காரிபூ, நம் நாட்டுக் கடமான், புள்ளிமான் ஆகியவற்றுக்குரிய முன்னது எலும்பால் ஆனது. ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. மாடு, ஆடு, வரையாடு, வெளிமான் ஆகியவற்றுக்குரிய பின்னது எலும்பு நடுத்தண்டின்மேல் நகப்பொருளாலான உறையுடையது, உதிராதது. அலாஸ்காவில் மலையாடுகளும் வேட்டைக்குரியன ஆதலால் விதிகள் இரண்டையும் இணைத்தே கூறுகின்றன. அவ்விடங்களில் தமிழ் ‘கொம்பு அல்லது கொம்பு’ என்றாகும். இந்தியச் சட்டத்தில் வேட்டை நினைவுப்பொருள் பற்றிய வரையறையும் இரண்டையும் தனித்தனியே பெயர்சுட்டுவதால், இது அயல்நாட்டுப் பனுவலுக்கு மட்டும் உரிய சிக்கலன்று.

‘மான்கொம்பு’ எனக் குறிப்பதால் பயனில்லை. தமிழில் வெளிமானும் மானே. சிலம்பக்கலையில் மான்கொம்பு எனப்படும் படைக்கருவி வெளிமானின் உதிராக் கொம்புகளால் ஆனது. பழைய வழக்கு விலங்குகளின் பெயரில் நுணுக்கம் காட்டியது. புல்வாயின் ஆணுக்கு இரலை, கலை என இரு பெயரை மரபியல் தருகிறது. அந்நுணுக்கம் கொம்பின் பெயருக்கு நீளவில்லை. மருப்பு, கோடு என்னும் இரண்டும் யானைத் தந்தத்தையும் குறித்தன. அவற்றுள் ஒன்றை ஆண்ட்லருக்கென ஒதுக்குவது வெறும் இடுகுறியாக முடியும்.

‘கிளைக்கொம்பு’ அழகிய சொல். ஆனால், கிளையே விடாத ஒற்றைமுனைக் கொம்புடைய இளமூஸ் பற்றியும், கவட்டுமுனைக் கொம்புடையது பற்றியும் தனி விதிகள் உள்ளன. ‘கிளையற்ற கிளைக்கொம்பு’ என எழுத எவரும் விரும்பார். ‘உதிர்கொம்பு’ வினைத்தொகையாக முக்காலமும் தழுவுவதாயினும், காட்டில் இயல்பாக உதிர்ந்து கிடக்கும் கொம்பையே வாசகர் கொள்வார். சட்டம் அதனை வேட்டையாடிய விலங்கின் கொம்பினின்றும் வேறாகவே கருதுகிறது. எஞ்சுவது பொருள் நோக்கிய பாகுபாடு: ‘என்புக்கொம்பு’, ‘உறைக்கொம்பு’. உறைக்குள்ளும் எலும்பு உண்டே என்னும் தடை எழலாம். வேறுபடுத்தும் கூறு உறையாதலின் அத்தடை பெரிதன்று. இருசொற்களும் ஓசையில் கரடுமுரடானவையே எனினும், பிழைபட்ட இனிமையினும் அது மேல்.

எல்லை கடக்கும்போது

அலாஸ்காவினின்று தெற்கே உள்ள மாநிலங்களுக்குச் செல்லும்போது மற்றொரு விதித்தொகுதி குறுக்கிடுகிறது. விமானப் பயணி உறைந்த இறைச்சியுடன் கொண்டு செல்லக்கூடிய உலர்பனியின் அளவு 2.5 கிலோ, அதன் வளி வெளியேறும் வகையில் பெட்டி அமைதல் வேண்டும். ஒரு மாநிலத்தின் சட்டத்திற்கு மாறாக வேட்டையாடியதை எல்லை கடத்தினால், 1900ஆம் ஆண்டின் லேசி சட்டத்தின்படி அது கூட்டரசுக் குற்றமுமாகும்.

மானினத்தைத் தாக்கும் நாள்பட்ட நலிவுநோய் 1967இல் கொலராடோவில் அடைப்பிலிருந்த மான்களிடம் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. பிரியான் என்னும் திரிந்த புரதத்தால் வரும் இந்நோய் மூளையிலும் தண்டுவடத்திலும் மிகுதியாகத் தங்குவதால், பல மாநிலங்கள் முழு உடலையும் தலையையும் உள்ளே விடுவதில்லை. எலும்பு நீக்கிய இறைச்சியும், முதுகெலும்பு ஒட்டாத தொடைகளும், தூய்மை செய்த கொம்பும் ஏற்கப்படும். அலாஸ்காவின் சில வேட்டைப் பகுதிகளிலோ, களத்தைவிட்டு வெளியேறும்வரை இறைச்சி எலும்போடு ஒட்டியே இருத்தல் வேண்டும். ஒரே சுமை பயணத்தின் முற்பகுதியில் எலும்போடும் பிற்பகுதியில் எலும்பின்றியும் இருக்க நேர்வதால், ‘எலும்புடன்’, ‘எலும்பின்றி’ என்னும் சொற்கள் எவ்விடத்தில் எந்நிலைக்கு உரியன என்பது ஒவ்வொரு தொடரிலும் வெளிப்படையாக நிற்றல் வேண்டும். முற்றொடரில் கூறியதைப் பின்தொடர் தாங்கிக்கொள்ளும் என விடலாகாது.

கொம்பு தனியே வருவதில்லை. இரு கொம்புகளையும் இணைக்கும் மண்டையோட்டின் மேற்பகுதி தட்டாக அறுத்தெடுக்கப்பட்டு அவற்றுடன் வரும். இதனை ‘மண்டையோட்டுடன் கூடிய கொம்பு’ எனப் பெயர்த்தால் முழு மண்டையோடும், அதனுள் மூளையும், தடுக்கப்பட்ட பொருள் அனைத்தும் அனுமதிக்கப்பட்டதாகிவிடும். ‘மூளைத்திசு ஒட்டாது தூய்மை செய்த, மண்டையோட்டின் மேற்றட்டுடன் கூடிய என்புக்கொம்பு’ என நீட்டியே எழுத வேண்டியுள்ளது.