சிறு பொருள்களின் சரித்திரம் – 17: பாக்கெட்டுக்குள் ஒரு ரிவால்வர்

ஹூஸ்டனில் நான் வேலை பார்த்த நாட்களில் பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தார். அறுபதை நெருங்கும் வயது. இரவு ஷிப்ட் முடிந்து, ஆளில்லாத கார் நிறுத்துமிடத்தின் கோடிவரை தனியாக நடக்க வேண்டியவர். ஒருநாள் துப்பாக்கி வாங்கப் போகிறேன், துணைக்கு வாருங்கள் என்றார். கடைக்காரர் அவருடைய மெலிந்த விரல்களைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே சிறியதை எடுத்து வைத்தார். "உங்களுக்கு இதுதான் சரி. பாக்கெட்டில் இருப்பதே தெரியாது."

தூக்கிப் பார்த்தேன். ஒரு மாம்பழத்தின் கனம்தான் இருக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கனமின்மைதான் சிக்கலே என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பாக்கெட்டில் அடங்கும் ரிவால்வர் புதிய சரக்கு அல்ல. 1927இல் கோல்ட் கம்பெனி 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்று ஒன்றை விட்டது. இரண்டு அங்குலக் குழல், ஆறு தோட்டா. சீருடை இல்லாமல் சுற்றும் போலீஸ்காரர்களுக்காக வந்தது. 1950இல் ஸ்மித் அண்ட் வெஸன் ஒரு தோட்டாவைக் குறைத்துப் பார்த்தது. ஆறு ஐந்தானதும் தோட்டாக்கள் இருக்கும் உருளை ஒல்லியானது. உருளை ஒல்லியானதும் மொத்தத் துப்பாக்கியும் இளைத்துவிட்டது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் கூடிய போலீஸ் தலைவர்களின் மாநாட்டில் அதைக் காட்டி, பெயரையும் அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்று ஆனது. இன்று அமெரிக்காவில் விற்கும் குட்டி ரிவால்வர்களில் பெரும்பாலானவை அந்த ஐந்து தோட்டா வடிவத்தின் வாரிசுகள்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பாக்கெட் இட்ட கட்டளை என்றே சொல்லலாம். பின்னால் துருத்தி நிற்கும் சுத்தியல், எடுக்கும்போது துணியில் மாட்டியது. 1952இல் அதை உள்ளுக்குள்ளேயே மூடி 'சென்டெனியல்' வந்தது. ஸ்மித் அண்ட் வெஸனுக்கு அது நூறாவது ஆண்டு. உடம்போடு ஒட்டிக் கிடக்கும் இரும்பை வேர்வை அரித்தது. 1965இல் துருப்பிடிக்காத எஃகில் 'மாடல் 60' வந்தது. எஃகு கனக்கிறது என்றார்கள். அலுமினிய உடல் 1965க்கு முன்பே வந்திருந்தது, பிறகு டைட்டானியம், ஸ்காண்டியம் கலவை. எஃகில் சுமார் 550 கிராம் இருந்தது, அலுமினியத்தில் 425 ஆகி, கடைசியில் 340 வரை இறங்கிவிட்டது.

தோட்டாவின் மருந்து மட்டும் இளைக்கவில்லை. கனமான துப்பாக்கி உதைப்பில் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். லேசானது அப்படியே கைக்குக் கடத்திவிடும். 340 கிராம் ரிவால்வரில் மேக்னம் என்ற வலுவான தோட்டா போட்டுச் சுட்டால், உள்ளங்கையில் பிரம்படி வாங்கியது போல இருக்கும். அதோடு முடியவில்லை. அந்த உதறலில், உருளைக்குள் சுடப்படாமல் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் குண்டு கூட்டைவிட்டு நழுவி முன்னே வந்து, உருளையைச் சுழலவிடாமல் செய்துவிடலாம். 120 கிரெயினுக்குக் குறைந்த குண்டு போடாதே என்று அந்த ரகத்தின் குழலிலேயே பொறித்திருக்கிறார்கள். 120 கிரெயின் என்பது ஏறக்குறைய 7.8 கிராம்.

இன்னொன்றைக் கடையில் யாரும் சொல்லவில்லை. சுத்தியலை இழுத்து வைக்காமல் சுடும்போது, இந்தக் குட்டி ரிவால்வரின் விசையை அழுத்த ஏறக்குறைய 5 கிலோ பலம் வேண்டும். அரைக் கிலோ எடையுள்ள பொருளை ஆடாமல் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் அதன் எடையைப் போல் பத்து மடங்கு இழுக்க வேண்டும். குழலோ ஐந்து சென்டிமீட்டர். குறி பார்க்க மேலே ஒரு பள்ளம், முனையில் ஒரு மேடு. பழகிய போலீஸ்காரருக்கே கை நடுங்கும். மூட்டுவலி தொடங்கிய ஒரு பெண்மணிக்கு, சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்று இதை விற்பது அநியாயம். அது புரிந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' ரிவால்வரைப் பெண்களுக்கானது என்று அறிமுகப்படுத்தியபோது அந்தக் கடைதான் நினைவுக்கு வந்தது. .32 ரகம், 500 கிராம், டைட்டானியம் கலவை, அப்போது விலை ரூ.1,22,360. லைசென்ஸ் தனி. அதன் விலையைப் பற்றி நிறையப் பேசினார்கள். அதை எங்கே, யாரிடம் பழகுவது என்று அதே அளவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

ரிவால்வரே வேண்டாமா என்றால், பாக்கெட்டைப் பொறுத்தவரை அதற்கு ஒரு நியாயம் உண்டு. பிஸ்டலின் மேல்மூடியை இழுத்துத் தோட்டா ஏற்றவும் பலம் வேண்டும். கோட்டுப் பைக்குள் வைத்தே சுட்டால் அந்த மூடி துணியில் சிக்கும். சுத்தியல் மூடிய ரிவால்வருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, பேனா எதுவும் விசைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. விசையை முழுக்க மூடும் உறை கட்டாயம். கோல்ட் கம்பெனியில் இருந்த ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற புகழ்பெற்ற சுடுநர், வேகத்துக்காக விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தின் முன்பாதியையே வெட்டி எறிந்தார். பலர் அதைப் பின்பற்றினார்கள். பாக்கெட்டில் வைக்கும் துப்பாக்கியில் அது பெரும் தவறு என்பேன்.

நர்ஸ் அம்மா அன்று எதையும் வாங்கவில்லை. மறுவாரம் வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்துக்குப் போனோம். லேசானதில் மூன்று தடவை சுட்டவர், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கீழே வைத்துவிட்டார். எஃகு ரகத்தில், குறைந்த வேகத் தோட்டாவோடு ஐந்தையும் சுட்டார். மூன்று காகிதத்தில் பட்டன. "கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் கையை உடைக்கவில்லை" என்றார். அதையே வாங்கினார். மாதம் இருமுறை பழகப் போவார்.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. 1887இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனர்களில் ஒருவரான டேனியல் வெஸன், பிடியையும் சேர்த்து அழுத்தினால்தான் சுடும்படி ஒரு குட்டி ரிவால்வர் கொண்டுவந்தார். துப்பாக்கியை எடுத்து விளையாடிய குழந்தை ஒன்றுக்குக் காயம்பட்டதைக் கேட்டுத்தான் அதைச் செய்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். நர்ஸ் அம்மா வீட்டில் நான்கு வயதுப் பேரன் இருந்தான். விடியற்காலை வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ரிவால்வரைத் திறந்து, ஐந்து தோட்டாக்களையும் மேசையில் கொட்டி எண்ணுவார். இரும்புப் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்ட பிறகுதான் அவனை எழுப்பப் போவார்.