ஒன்பதாம் மாத ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

வல்லம் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணியை அழைத்து வரும் குடும்பத்தினர், ஸ்கேன் அறிக்கையை மேசைமேல் வைத்தவுடன் கேட்பது ஒரே கேள்விதான்: “சுகப்பிரசவமா, ஆபரேஷனா டாக்டர்?” அச்சமும் செலவும் தூரமும் கலந்த கேள்வி அது. ஸ்கேன் சில நிலைமைகளில் இதற்கு உறுதியான விடை தரும். பல நிலைமைகளில் ஒரு குறிப்பை மட்டுமே தரும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

உலோகத்தில் விரிசலைக் கண்டறியப் பயன்பட்ட ஒலியலைக் கருவியைக் கொண்டு ஆய்வைத் தொடங்கியவர் கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்டு. அவரும் அவருடைய குழுவினரும் 1958இல் கருவிலுள்ள குழந்தையின் படங்களை வெளியிட்டனர். இன்று அக்கருவி மகப்பேறு மருத்துவரின் இரண்டாவது கண்ணாகவே ஆகிவிட்டது.

முதலில், அது தெளிவாகக் காட்டுபவை. குழந்தையின் தலை கீழே இருக்கிறதா என்பது ஒன்று. ஏழாம் மாதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தை தலை திரும்பாமல் இருக்கலாம். நிறைமாதத்தில் அது நூற்றுக்கு மூன்று, நான்காகக் குறைந்துவிடும். ஆகவே, ஏழாம் மாத அறிக்கையைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. நஞ்சு இருக்கும் இடம் மற்றொன்று. அது கருப்பை வாயை மூடியிருந்தால் அறுவைச் சிகிச்சையே பாதுகாப்பான வழி. ஐந்தாம் மாதத்தில் ‘நஞ்சு கீழே இருக்கிறது’ என்று எழுதப்பட்டாலும், கருப்பை வளரும்போது பெரும்பாலான தாய்மார்களுக்கு அது மேலே விலகிவிடுகிறது. எனவேதான் மறுபடியும் பார்க்கிறோம்.

எடை அவ்வாறன்று. ஸ்கேன் குழந்தையை நிறுப்பதில்லை. தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து கணக்கிடுகிறது. அக்கணக்கு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கூடவோ குறையவோ செய்யலாம். பல ஆண்டுகளுக்கு முன், நான் பயிற்சி பெற்றுவந்த காலத்தில், முதற்பேற்றுக்கு வந்த ஒரு தாயின் அறிக்கையில் குழந்தையின் எடை 4 கிலோ என்றிருந்தது. வலி தொடங்கும் முன்பே அறுவைச் சிகிச்சை செய்தோம். பிறந்தபின் தராசு காட்டியது 3 கிலோ 400 கிராம். தாயும் சேயும் நலமே. ஆயினும், அடுத்த பேற்றைக் கருப்பையில் தழும்போடு அத்தாய் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தத் தராசை நான் இன்றும் மறக்கவில்லை. தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் எடையைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும் என்பது உண்மை. எனினும், எடை மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை.

‘கொடி சுற்றியிருக்கிறது’ என்னும் சொல்லும் பலரது உறக்கத்தைக் கெடுக்கிறது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிய நிலையிலேயே ஏராளமான குழந்தைகள் இயல்பாகப் பிறக்கின்றன. அது ஒன்றே அறுவைச் சிகிச்சைக்குக் காரணமாகாது.

ஸ்கேனால் முன்கூட்டிக் காண முடியாதவை கருப்பையின் வலி வலிமையும், தலை இறங்கி இடுப்பெலும்புக்கு இணங்கித் திரும்பும் விதமும். அவை பிரசவ வலியின்போதே தெரியும். அவ்வேளையில் வெளிப்புறமாகக் கருவியை வைத்துத் தலை இறங்கும் கோணத்தை அளக்கும் முறை இப்போது பரவிவருகிறது. கோணம் 120 பாகையைக் கடந்திருந்தால் இயல்பாகப் பிறக்கும் வாய்ப்பு அதிகம். அதுவும் வாய்ப்பே, வாக்குறுதி அன்று.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பேறுகள் அறுவைச் சிகிச்சை மூலம் நிகழ்ந்தன; இந்திய அளவில் அது 21.5. அறுவைச் சிகிச்சை உயிர்காக்கும் சிகிச்சை. ஆனால் அதற்குத் தெளிவான காரணம் இருக்க வேண்டும். “எதனால் இம்முடிவு? காத்திருந்தால் என்ன ஆகும்?” என்று தயங்காமல் கேளுங்கள். விளக்குவது எங்கள் கடமை.

இறுதியாக ஒன்று. ‘ஸ்கேன் நார்மல்’ என்பது அன்றைய நிலை மட்டுமே. குழந்தையின் அசைவு குறைந்தாலோ, உதிரம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, அறிக்கையை நம்பி விடியும்வரை வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். திண்டிவனமோ முண்டியம்பாக்கமோ, எங்கு வந்தாலும் தாய் சேய் நல அட்டையையும் பழைய அறிக்கைகள் அனைத்தையும் கையில் எடுத்து வாருங்கள். படத்தை நாங்கள் படிப்போம். குழந்தையின் அசைவை முதலில் அறிபவர் தாயே.