ஆழம் அறிந்தவர் யார்?

"கடலின் ஆழத்தை அறிந்து நமக்கு ஆகப்போவது என்ன? திண்டிவனத்தில் அலை இல்லை. விழுப்புரத்தில் வலை இல்லை. நெல்லும் கரும்பும் மணிலாவும்தானே நமது கவலை!" என்று கேட்கும் தோழர்கள் உண்டு.

அவர்களுக்கு ஒன்று சொல்வோம். திண்டிவனத்துக் கிடங்கிலில் இருந்து ஆண்ட நல்லியக்கோடனுக்கு எயிற்பட்டினம் என்ற கடற்கரைப் பட்டினம் இருந்தது. அதுவே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் கருத்து. சங்க காலத்திலேயே இந்த மண்ணுக்குக் கடல் உண்டு. இன்றும் விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கெல்லை கடல்தான். அந்தக் கரையைக் காப்பதா, கைவிடுவதா என்ற கோப்பு நகர்வது விழுப்புரத்து மேசைகளின் மீதுதான்!

கரையில் நடப்பது என்ன? ஆண்டின் பெரும்பகுதியில் கரையோரக் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே அள்ளிச் செல்கிறது. 1980களின் பிற்பகுதியில், புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை கரைந்தது. கல் கொட்டினார்கள். கொட்டிய இடம் நின்றது. அரிப்பு வடக்கே நகர்ந்தது. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என நமது மாவட்டத்துக் குப்பங்கள் அடிவாங்கின. படகை ஏற்ற மணல் இல்லை, வலையை உலர்த்த இடமில்லை, வீட்டு வாசலில் அலை!

கரை ஒரே இரவில் இடிவதில்லை, தோழர்களே! முதலில் நீருக்கடியில் மணல் போகிறது. ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால், தொலைவிலேயே உடைந்து ஓயவேண்டிய அலை, வலிமை குன்றாமல் வந்து கரையை அறைகிறது. ஆகவே, ஆழத்தை ஆண்டுதோறும் அளப்பவன் ஆபத்தை முன்கூட்டியே அறிவான். அளக்காதவன், வீடு விழுந்தபின் நிவாரணம் பற்றிப் பேசுவான்!

அளப்பது எப்படி? அளவைக் கப்பல் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைச் சொல்லும். ஆனால் இரண்டு பாகம், மூன்று பாகத் தண்ணீரில் கப்பல் நுழைந்தால் தரைதட்டும், செலவும் மிகுதி. அங்கேதான் செயற்கைக்கோள் கைகொடுக்கிறது. சூரிய ஒளி நீருக்குள் சென்று, தரையில் பட்டு மீள்கிறது. சிவப்பு ஒளி சில மீட்டரிலேயே மடிந்துவிடும். பச்சை இன்னும் ஆழம் போகும். தெளிந்த கடலில் நீலம் அதனினும் ஆழம் போகும். எந்த நிறம் எவ்வளவு குறைந்து திரும்புகிறது என்று கணக்கிட்டால் ஆழம் பிடிபடும்.

இது ஏட்டுக் கணக்கல்ல. 1975ஆம் ஆண்டிலேயே அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும், பிரெஞ்சுக் கடலாய்வாளர் குஸ்தோவும் பகாமாத் தீவுகளை ஒட்டிய தெளிந்த கடலில் இதைச் சோதித்தனர். 22 மீட்டர் ஆழம் வரை செயற்கைக்கோள் படத்திலிருந்து அளக்க முடிந்தது. அந்த லேண்ட்சாட் வரிசைப் படங்கள் 2008 முதல் யாருக்கும் இலவசம். 2015இல் ஐரோப்பா ஏவிய சென்டினல்-2 தரும் படங்களில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டர் சதுரம், அவையும் இலவசம். காசில்லை என்று கைவிரிக்க யாருக்கும் வழியில்லை!

அப்படியானால் உழைப்பாளியின் கயிற்றுக்கு வேலை முடிந்ததா? இல்லை! செயற்கைக்கோள் காண்பது வெளிச்சத்தை, மீட்டரை அல்ல. இத்தனை வெளிச்சத்துக்கு இத்தனை ஆழம் என்று அதற்குக் கற்பிக்க, யாரேனும் படகில் சென்று, ஈயக்குண்டு கட்டிய கயிற்றையோ எதிரொலிக் கருவியையோ இறக்கி, இடமும் நேரமும் குறித்து அளந்து தரவேண்டும். பகாமாவிலும் குஸ்தோவின் கப்பல் கடலில் நின்றுதான் படத்தைச் சரிபார்த்தது. நமது கடலோ மழைக்காலத்தில் கலங்கும் கடல். கலங்கல் நீர் ஒளியைத் திருப்பி, ஆழமான இடத்தையும் ஆழமற்றதாகக் காட்டி ஏமாற்றும். எங்கே கலங்கல், எங்கே மணல்திட்டு என்பதைப் பாகக் கணக்கில் மனத்தில் வைத்திருப்பவர் மரக்காணத்து மீனவர். வானத்துக் கண்ணுக்கு வழிகாட்டி, படகிலுள்ள கை!

எனவே நாம் கேட்பது மூன்று. புயற்பருவத்துக்கு முன்னும் பின்னும் நமது கரையின் ஆழத்தைப் படம்பிடித்து ஒப்பிட வேண்டும். அளவெடுக்கும் மீனவருக்கு நாட்கூலி தரவேண்டும். அவர் அளவு என்று படத்தில் பொறிக்க வேண்டும். வரைந்த படத்தைத் தமிழில், மீட்டரோடு பாகத்தையும் குறித்து, ஒவ்வொரு மீன் இறங்குதளத்துச் சுவரிலும் ஒட்டவேண்டும். கல் கொட்டவோ, தூண்டில் வளைவு கட்டவோ, துறைமுகம் தோண்டவோ திட்டம் வருமானால், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு குப்பத்து மக்கள் கேள்வி கேட்கட்டும்: "இங்கே கட்டினால், வடக்கே யாருடைய வீடு போகும்?"

திண்டிவனத்துத் தோழனே, விழுப்புரத்துத் தோழனே! கேள்வி குப்பத்தில் எழும். பதில் சொல்லவேண்டிய அலுவலகம் உன் ஊரில் இருக்கிறது. அந்த வாசலில் மீனவனோடு நீயும் நில்!