பண்ணைக்கு எந்த லென்ஸ்? சிக்கனமாக ஒரு கணக்கு

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் கொய்யாத் தோட்டத்தில் மாவுப்பூச்சி வந்தது. பழனி வட்டாரத்தில் கொய்யா வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அந்த முறை கிளை நுனிகளில், வழக்கமான வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே, அவற்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்கச் சில பூச்சிகள் ஊர்ந்தன. செல்போனில் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். படம் ஒரே கலங்கல். "முத்திப்போன மாவுப்பூச்சி சார், விட்டுடாதீங்க" என்று பதில் வந்தது. பெரிசு இருக்கிற நுனிகளாகத் தேடித்தேடி வெட்டி எரித்தோம். மற்றதுக்கு வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து அடித்தோம். கொஞ்ச நாளில் மாவுப்பூச்சி முன்னைவிட அதிகமாக வந்தது.

அடுத்த வருடம் அதே பெரிய பூச்சியை ஒரு லென்ஸ் போட்டு எடுத்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் வெள்ளை நூலுக்குக் கீழே நல்ல கால்கள், வாயில் ஒரு மாவுப்பூச்சி. அது கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதற்காகவே பரிசோதனைக்கூடங்களில் வளர்த்து விற்கிறார்களே, அதே வண்டு. 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. காசு கொடுத்து வாங்கி விட வேண்டியதை, தானாக வந்திருந்தபோது நான் நெருப்பில் போட்டிருக்கிறேன்.

அதன் பிறகுதான் லென்ஸ் விஷயத்தில் இறங்கினேன். பல நண்பர்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கேமராவே இல்லாதவர்கள் இதற்காகக் கேமரா வாங்க வேண்டாம். செல்போனில் மாட்டுகிற கிளிப் மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பூச்சிக்கு ரொம்பக் கிட்டே போக வேண்டும், ஓரமெல்லாம் மங்கும். ஆனாலும் மேலே சொன்ன தவறு நடக்காது. வீட்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் சும்மா கிடக்கிறது, கல்யாணத்துக்கு வாங்கியது, பையன் விட்டுப் போனது என்கிற வீடுகள் இப்போது நிறைய. மீதிக் கட்டுரை அவர்களுக்கு.

பெரும்பாலும் அதோடு 18-55 மி.மீ. லென்ஸ் ஒன்று வந்திருக்கும். கடைக்காரர்கள் இதை மட்டமாகப் பேசுவார்கள். நம்பாதீர்கள். ஒரே ஒரு லென்ஸ்தான் என்றால் பண்ணைக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். 18இல் வைத்தால் வரப்பில் நின்றபடியே முழு வயலும் அடங்கும். 55இல் வைத்தால் நாற்று, கதிர், ஆள் எல்லாம் நன்றாக வரும். அதோடு, சுமார் 25 செ.மீ. தூரம் வரை கிட்டே போகலாம்.

இனி கணக்கு. ஒவ்வொரு லென்ஸின் விவரத்திலும் 'அதிகபட்ச உருப்பெருக்கம்' என்று ஓர் எண் இருக்கும். வாங்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. நமக்கு அதுதான் முக்கியம். உருப்பெருக்கம் 1 என்றால், பூச்சி எந்த அளவோ அதே அளவில் கேமராவுக்குள் உள்ள சென்சார் மேல் விழுகிறது. என்னிடம் உள்ளது போன்ற ஆரம்பநிலைக் கேனான் கேமராக்களில் சென்சாரின் அகலம் சுமார் 22 மி.மீ. ஆகவே 1 என்றால் 22 மி.மீ. அகலமுள்ள இடம் முழுப் படத்தையும் நிரப்பும். 18-55 லென்ஸுக்கு இந்த எண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆறரை செ.மீ. இடம். ஒரு தீப்பெட்டியைவிடச் சற்று அதிகம். வெட்டுக்கிளிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அது போதும். 4 மி.மீ. மாவுப்பூச்சிக்குப் போதாது.

இங்கேதான் நான் ஏமாந்தேன். "50 மி.மீ., எஃப் 1.8 வாங்குங்க சார், விலை குறைச்சல், படம் கத்தி மாதிரி இருக்கும்" என்றார்கள். பழையது ஒன்று 5,500 ரூபாய்க்கு வாங்கினேன். படம் கத்திதான். ஆனால் பூச்சி முன்னைவிடச் சிறிதாகத் தெரிகிறது! கேனானின் 50 மி.மீ. எஸ்டிஎம் லென்ஸுக்கு உருப்பெருக்கம் 0.21. சும்மா வந்த லென்ஸைவிடக் குறைவு. கடனுக்கு மனு கொடுத்தவரிடம் பத்துக் கேள்வி கேட்டவன், சொந்தக் காசு 5,500க்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அதைக் காப்பாற்றியது எக்ஸ்டென்ஷன் டியூப். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற வெற்று வளையம். உள்ளே கண்ணாடி கிடையாது. லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளிப் போவதால் இன்னும் கிட்டே போய் எடுக்க முடிகிறது. வளையத்தின் நீளத்தை லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால் எவ்வளவு கூடுகிறது என்று தெரியும். 50 மி.மீ. லென்ஸில் 36 மி.மீ. வளையம்: 0.72 கூடும். லென்ஸின் சொந்த 0.21ஐயும் சேர்த்தால் 0.93. பொடி எழுத்தில் மேக்ரோ என்று போட்டுப் பல மடங்கு விலை சொல்கிற லென்ஸ் தருவது 1. வித்தியாசம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். 12, 20, 36 என்று மூன்று வளையம் சேர்ந்த செட்டுக்கு நான் கொடுத்தது 1,800 ரூபாய். பொன் நிறத்தில் மின் தொடர்புப் புள்ளிகள் உள்ளதாகவே வாங்குங்கள். அவை இல்லாதது இன்னும் மலிவு, ஆனால் லென்ஸின் துவாரத்தைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது. அது ஏன் வேண்டும் என்றால், இவ்வளவு கிட்டே போகும்போது தெளிவாக விழுகிற ஆழம் எஃப் 8இல் வைத்தாலும் ஒரு மி.மீ.க்கும் குறைவு. 1.8இல் வைத்தால் கண் தெரியும், கால் தெரியாது.

நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 3000, 5000 வரிசைக் கேமராக்களுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. 50 மி.மீ.யில் 'ஏஎஃப்-டி' மலிவாகக் கிடைக்கும். அது உங்கள் கேமராவில் தானாக போகஸ் ஆகாது. 'ஏஎஃப்-எஸ்' என்று கேட்டு வாங்குங்கள். பூச்சி எடுக்க மட்டும் என்றால் பழைய 'டி' போதும். இந்த வேலையில் கையால் போகஸ் செய்வதே நல்லது. தூரத்தைப் பூட்டிவிட்டு உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் தெளிவு வரும் இடம் தெரியும்.

தட்டானும் தேனீயும் அவ்வளவு கிட்டே விடாது. அதற்கு 55-250 போன்ற லென்ஸின் முன்னால் +4 குளோஸ்அப் கண்ணாடி ஒன்றைத் திருகிக்கொள்ளலாம். 250இல் வைத்தால் உருப்பெருக்கம் 1 வரும், பூச்சிக்கும் கண்ணாடிக்கும் கால் மீட்டர் இடைவெளியும் இருக்கும். ஒற்றைக் கண்ணாடியில் ஓரங்களில் நிறம் பிரியும். இரண்டு கண்ணாடி ஒட்டியது விலை கூடுதல், ஆனால் சுத்தமாக இருக்கும். இது இரண்டாம் வருடச் செலவு, முதல் வருடம் வேண்டாம். 600 மி.மீ. லென்ஸ் பக்கம் போகவே வேண்டாம். மயிலை எடுக்க லென்ஸ் எதற்கு, அதுதான் நம் வயலுக்குள்ளேயே வந்து நிற்கிறதே!

பழைய லென்ஸ் வாங்கும்போது செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். இரண்டு மூன்று தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். துவார இதழ்களில் எண்ணெய் மினுக்கினாலும் வேண்டாம்.

எடுப்பதற்கு நல்ல நேரம் காலை ஏழு மணிக்குள். பனி காயும் வரை பூச்சி மந்தமாக இருக்கும், காற்றும் குறைவு. இடது கையால் கிளையைப் பிடித்து, அந்தக் கை மேலேயே லென்ஸைத் தாங்கிக்கொள்ளுங்கள். வளையம் போட்டால் வெளிச்சம் குறையும். கேமராவின் பிளாஷைப் போட்டு அதன் முன் வெள்ளைத்தாள் ஒன்றை வளைத்து ஒட்டினால் நிழல் கடுமையாக விழாது. மாவுப்பூச்சி சிலது உப்பிப்போய், முதுகில் வட்டமாக ஓட்டையோடு தெரிந்தால் அதுவும் நல்ல சேதி. ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியே போயிருக்கிறது.

லென்ஸைத் தோல் பையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், மழைக்காலம் முடிவதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். நிறம் மாறும் ஜெல் என்றால், மாறியதும் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். எங்கள் வீட்டில் கத்தரி, மிளகாய் விதைகளும் இரண்டு லென்ஸும் அடுத்தடுத்த டப்பாக்களில் இருக்கின்றன. ஜெல்லை வறுப்பது வீட்டுக்காரம்மா. விதையையும் சேர்த்து வறுத்துவிடக் கூடாதே என்று நான் பக்கத்திலேயே நிற்பேன்.