காத்துக்கும் காசு கட்டுறோம்: 2,800 ரூபாய் கேபினட்டின் உண்மைக் கணக்கு

"அண்ணா, அடுத்த மாசம் பேப்பர் போடலாம்னு இருக்கேன்."

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை என் சித்தி பையன் இப்படி ஆரம்பிச்சான். வயசு 27. அம்பத்தூர்ல வேலை, கைக்கு வர்ற சம்பளம் 48,000 ரூபாய். சித்தப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சு வீட்ல ரெண்டு நாளா யாரும் சரியா சாப்பிடல. "நீ ஆடிட்டர்தானே, அவன் கணக்கைக் கொஞ்சம் பாரு"ன்னு சித்தி போன் பண்ணப்புறம்தான் நான் போனேன்.

தம்பிக்குச் சின்ன வயசுல இருந்தே ஹாட் வீல்ஸ் பைத்தியம். 1968-ல் மேட்டல் நிறுவனம் கொண்டுவந்த அந்தக் குட்டிக் கார்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவங்க நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. 1:64 அளவு, ஒரு கார் சுமார் 7 செ.மீ. நீளம். வாங்கின காரை தூசி படாம அடுக்கி வைக்க, சுவரில் மாட்டுற டிஸ்பிளே கேபினட் வேணும். தம்பி மொட்டை மாடி ஷெட்டில் அதைத்தான் செய்றான். பிளைவுட் சட்டம், 50 அறை, முன்னாடி தள்ளித் திறக்கிற அக்ரிலிக் கதவு. உண்மையிலேயே அழகா இருக்கு.

அவன் போட்ட கணக்கு

ஒரு கேபினட் விலை ரூ.2,800. மரம், அக்ரிலிக், பசை, பெயின்ட் எல்லாம் சேர்த்து ரூ.1,400. கூரியர் ரூ.270. மீதி ரூ.1,130 லாபம். இப்போ சனி, ஞாயிறு மட்டும் உட்கார்ந்து மாசம் 12 செய்றான். "வேலையை விட்டா 60 செய்யலாம்ணா. 67,800 ரூபாய். சம்பளத்தை விட அதிகம்."

கேட்க நல்லாத்தான் இருக்கு. "சரி, யுபிஐ ஸ்டேட்மென்ட்டை எடு"ன்னேன்.

முதல் ஓட்டை: கூரியர்

பெட்டி ஆறு கிலோ, கிலோவுக்கு 45 ரூபாய், அதனால 270. இது தம்பியோட நினைப்பு. ஆனா கூரியர் கம்பெனி எடையை மட்டும் பார்க்கிறதில்ல. பெட்டி வண்டியில எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னும் பார்க்கும். இதுக்குப் பேர் வால்யூமெட்ரிக் வெயிட். நீளம், அகலம், உயரம் மூணையும் செ.மீ.-ல் பெருக்கி 5,000-ஆல் வகுக்கணும் (பல கூரியர்களில் இந்த எண்தான், உங்க கூரியரில் எவ்வளவுன்னு கேட்டுக்கோங்க). நிஜ எடை, இந்த எடை, ரெண்டில் எது அதிகமோ அதுக்குத்தான் பில்.

பேக் பண்ணின பெட்டி 60 × 66 × 17 செ.மீ. பெருக்கினா 67,320. வகுத்தா 13.46. பில் 14 கிலோவுக்கு, அதாவது ரூ.630. புக் பண்ணும்போது 270 பிடிச்சுட்டு, பெட்டியை அளந்து பார்த்தப்புறம் மீதி 360-ஐ அவனோட வாலட்ல இருந்து கழிச்சிருக்காங்க. வாலட் காலியானதும் இவன் மறுபடி ரீசார்ஜ் பண்ணியிருக்கான். அது மளிகை, பெட்ரோல் செலவோட கலந்துபோய் கண்ணுக்கே படல.

மத்த ஓட்டைகள்

பொருள்: முழு ஷீட் வாங்கி வெட்டும்போது மிஞ்சுற துண்டு வீணாப் போகுது. 1,400 இல்ல, ரூ.1,570.

பேக்கிங்: அட்டைப்பெட்டி, பப்பிள் ராப், தெர்மாகோல், டேப் சேர்த்து ரூ.260. இதை அவன் எழுதவே இல்ல.

உடைசல்: இதுவரை அனுப்பின 20-ல் ரெண்டு உடைஞ்சு போச்சு. ஒண்ணுக்கு முழு கேபினட்டும் திரும்பச் செஞ்சு அனுப்பினான். இன்னொண்ணுக்குக் கதவு மட்டும். மொத்தம் 3,000 ரூபாய். இருபதுக்கும் பிரிச்சா, ஒண்ணுக்கு ரூ.150.

கருவிகள்: ரம்பம், டிரில், சாண்டர் எல்லாம் ரூ.36,000. மூணு வருஷம் உழைக்கும்னு வெச்சா, மாசம் 12 வீதம் 432 கேபினட். ஒண்ணுக்கு ரூ.83.

கரன்ட், பிளேடு, உப்புத்தாள்: ரூ.57.

கூரியரையும் சேர்த்துக் கூட்டினா ரூ.2,750. விலை 2,800. மீதி 50 ரூபாய்.

செய்றது, பேக் பண்றது, வாட்ஸ்அப்ல பதில் சொல்றது எல்லாம் சேர்த்து ஒரு கேபினட்டுக்கு ஆறு மணி நேரம். மணிக்கு 8 ரூபாய் சொச்சம், டீக்கடையில ஒரு டீக்குக்கூடப் பத்தாது. அதுமட்டுமில்ல, மாசம் 60 செய்யணும்னா 360 மணி நேரம் வேணும். லீவே இல்லாம தினமும் 12 மணி நேரம்.

தம்பி ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "அப்போ இந்த ரெண்டு மாசமும் நான் சும்மாதான் உழைச்சேனாண்ணா?"ன்னு கேட்டான். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா ராஜினாமா கொடுத்தப்புறம் இது தெரிஞ்சிருந்தா?

விலை எப்படிப் போடணும்?

முதல்ல உங்க நேரத்துக்கு விலை போடுங்க. மாசம் 26 நாள், தினம் 8 மணி நேரம்னா 208 மணி. 48,000-ஐ 208-ஆல் வகுத்தா சுமார் 230 ரூபாய். இதுக்குக் கீழே போறதா இருந்தா, அந்த ஞாயித்துக்கிழமை வீட்ல தூங்குறதே மேல்.

அப்புறம் வேலை நேரத்தைக் குறைக்கணும். தம்பி இப்போ பலகைகளில் காடி வெட்டி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுற மாதிரி டிசைனை மாத்திட்டான். பாகங்களாவே அனுப்பிடுறான். வாங்கினவர் ஒரு வீடியோவைப் பார்த்து அவரே மாட்டிக்கிறார். ஆறு மணி நேரம் நாலு மணி நேரமாச்சு.

இதுல இன்னொரு பெரிய லாபம் கூரியரில். தட்டையா அடுக்கினா பெட்டி 58 × 64 × 9 செ.மீ. கணக்கு 6.68, பில் 7 கிலோவுக்கு, ரூ.315. பாதிக்குப் பாதி மிச்சம். முன்னாடி பெட்டிக்குள்ள இருந்த காத்துக்கும் சேர்த்துத்தான் காசு கட்டிட்டிருந்தான். அக்ரிலிக் பலகைகளுக்கு நடுவில் படுத்துப் போறதால உடைசலும் குறைஞ்சது.

மாசம் 6 மட்டும் செஞ்சா போதும்னு முடிவு பண்ணினோம். அப்போ கருவிச் செலவு ஒண்ணுக்கு ரூ.167. மத்த செலவையும் சேர்த்து, கூரியர் நீங்கலா ரூ.2,100. நாலு மணி நேரக் கூலி ரூ.920. லாபம் ரூ.380. விலை ரூ.3,400, கூரியர் தனி.

"இந்த விலைக்கு யாரு வாங்குவா?"ன்னு பயந்தான். விசாரிச்ச பாதிப்பேர் அப்புறம் பேசவே இல்ல, அது உண்மை. ஆனா மாசம் ஆறு பேர் கிடைச்சா போதுமே.

அனுப்பும்போது கவனிக்க

பாதிப் பணம் முன்பணமா வாங்காம மரத்தை வெட்டாதீங்க. பேக் பண்ணும்போது வீடியோ எடுங்க. வாங்குறவரையும் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்க. கேஷ் ஆன் டெலிவரி வேண்டவே வேண்டாம். பெட்டி திரும்பி வந்தா போக, வர ரெண்டு செலவும் உங்க தலையில. உடையுற பொருளுக்குக் கூரியர் எவ்வளவு பொறுப்பேற்கும்னு புக் பண்றதுக்கு முன்னாடியே படிங்க. கோவை, மதுரைன்னா ஆம்னி பஸ் பார்சலிலும் விலை கேட்டுப் பாருங்க.

வரி விஷயம்

அன்னிக்குத் தம்பி கையில புனேவில் இருந்து ஒரு ஆர்டர் இருந்தது. நல்ல வேளை, அனுப்பல. தமிழ்நாட்டுக்குள்ள பொருள் விக்கிற வரைக்கும் வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினாத்தான் ஜிஎஸ்டி பதிவு. வெளி மாநிலத்துக்கு அனுப்பினா பொதுவா முதல் ரூபாயில் இருந்தே பதிவு கட்டாயம். கைவினைப் பொருளுக்கு ஒரு விலக்கு இருக்கு. ஆனா கையால செஞ்சது எல்லாம் சட்டப்படி கைவினைப் பொருள் ஆயிடாது. அலங்கார வேலைப்பாடு, அரசு அறிவிச்ச பட்டியல்னு நிபந்தனைகள் உண்டு. சாதா பிளைவுட் கேபினட் அதுல வர்றது கஷ்டம். மர ஃபர்னிச்சருக்கு ஜிஎஸ்டி 18%.

வருமான வரியில, இந்த வருமானம் உங்க ஃபார்ம் 16-ல் வராது. ஆனா நீங்க காட்டியே ஆகணும். தொழில் வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-4 அல்லது ஐடிஆர்-3. அதோட உங்க ஆஃபர் லெட்டரையும் ஒரு தடவை எடுத்துப் படிங்க. வேற தொழில் செய்யக்கூடாதுன்னு அதுல இருந்தா, முதல்ல அனுமதி வாங்குங்க.

இப்போ நிலைமை?

முன்னாடி மாசம் 12 செஞ்சு கையில நின்னது 600 ரூபாய். இப்போ 6 செஞ்சு 7,800 ரூபாய். தம்பி பேப்பர் போடல. "ஆறு மாசச் செலவுக்குப் பணம் கையில, தொடர்ந்து ஆறு மாசம் சம்பளத்துல பாதி அளவுக்கு லாபம். ரெண்டும் வந்தப்புறம் பேசலாம்"னு சொல்லியிருக்கேன். சரின்னுட்டான். சித்தப்பாவுக்குத்தான் பெரிய நிம்மதி. இப்போ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுறதே அவர்தான்.

கேக், மெழுகுவத்தி, எம்பிராய்டரி, நீங்க எதை வித்தாலும் சரி, கடைசியா அனுப்பின ஒரே ஒரு ஆர்டரை எடுத்து இதே மாதிரி வரி வரியா எழுதிப் பாருங்க. பெட்டியை டேப் வெச்சு அளந்துட்டு ஆரம்பிங்க.